ஆள் ஏறினால் நிற்கும் வண்டி

பினாங்கில் டத்தோ கிராமாட் ரோட்டில் எங்கள் வீட்டுக்கு முன்னால் ஒரு லோங்காங் ஓடுகிறது. அந்தச் சாக்கடை போவதற்காக ரோட்டை அந்த இடத்தில் மாட்டின் திமில் மாதிரித் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். கப்பல் துறையிலிருந்து ஆயர் ஈத்தாம் போகிற சின்ன பஸ்கள் எல்லாம் அதில் ஏறித்தான் இறங்க வேண்டும். ஏழு பேர் உட்காரும் வண்டிகள். மற்ற வண்டிகள் முக்கி முனகி ஏறிவிடும். கமாலுதீன் ஓட்டிய வண்டி மட்டும் பாதி ஏற்றத்தில் ஒரு உதறு உதறி நின்றுவிடும். வாரத்தில் மூன்று தடவை, நான்கு தடவை. நின்றால் சரியாக எங்கள் வாசலில்.

வாசலில் என் தங்கை ஜெயலெட்சுமி சாக்குத் தைத்துக்கொண்டிருப்பாள்.

வீட்டுக்குள் பகலிலும் இருட்டு. கோணி ஊசியில் சணல் கோக்க வெளிச்சம் வேண்டும். அரிசிக் கிட்டங்கியிலிருந்து கிழிந்த சாக்குகள் கட்டுக்கட்டாக வரும். தைத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். அம்மாவும் அப்பாவும் போன பிறகு அவள் அந்த வேலையை எடுத்துக்கொண்டாள். உள்ளே போய் உட்கார் என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை. ரோட்டைப் பார்த்து உட்கார்ந்தால்தான் கை ஓடும்.

வண்டி நின்றதும் கமாலுதீன் குதித்து இறங்கி, முன்னால் போய்க் குனிந்து ஹேண்டிலைச் சுற்றுவான். உள்ளே இருப்பவர்களுக்கு வேறு வேலை இல்லை.

"என்னா பாய், ஒன் வண்டிக்குக் கண்ணு இருக்கு போல. எடம் பாத்து நிக்குது."

"தண்ணித் தாகம் லா. லெட்சுமி ஒரு செம்பு குடுத்தா ஓடும்."

"செம்பு வேணாம், ஒரு சிரிப்புப் போதும்."

"சிரிங்க, நல்லா சிரிங்க" என்பான் கமாலுதீன். "எறங்கி ஒரு கை தள்ளுனா பொழுதோட போய்ச் சேரலாம்."

தங்கை தலை தூக்க மாட்டாள். இரண்டு வீடு தள்ளி இருந்த முனுசாமி மாமா, முனிசிபல் ரோட்டு வேலையில் கூலிகளை மேய்க்கும் மண்டோர், அந்த பஸ்ஸில்தான் தினமும் போவார். சிரிப்பை அவர் ரோட்டோடு விட்டுவிடவில்லை. கோயில் வாசலுக்கும் கள்ளுக்கடைக்கும் கொண்டுபோனார். ஆடியில் ஆரம்பித்த வேடிக்கை, புரட்டாசியில் ஊர்ப் பேச்சாகிவிட்டது. கமாலுதீனுக்குப் பெண்டாட்டியும் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். அது பேச்சைக் குறைக்கவில்லை, கூட்டியது.

லெட்சுமியைத் துறைமுகத்தில் பாரம் தூக்கும் விஞ்சு ஓட்டும் சுப்பையாவுக்குப் பரிசம் போட்டிருந்தோம். தையில் கல்யாணம். சுப்பையா நல்லவன். கோபப்பட்டுக் கத்துகிறவன் இல்லை. அதனால்தான் அவன் ஒரு மத்தியானம் என் பட்டறைக்கு வந்து நின்றபோது கையிலிருந்த வேலையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். உடம்பெல்லாம் நிலக்கரித் தூள். கண் மட்டும் வெள்ளையாக இருந்தது.

"மச்சான், ஒரு விஷயம் கேக்கணும்."

"கேளு."

"நான் லெட்சுமியப் பத்தி ஒண்ணும் சொல்லல. ஆனா வேலைக்குப் போற எடத்துல எல்லாம், ஒன் சம்பந்தம் என்னா பஸ் ஸ்டாண்டான்னு கேக்குறானுங்க. நான் எத்தன பேரு வாயில அடிக்கறது?" முகத்துத் தூளைத் துடைத்துக்கொண்டான். பிறகு, "நீ மெக்கானிக். அந்த வண்டிய நீ பாத்துச் சொல்லு. கோளாறு வண்டியிலயா, ஆளுலயா? நீ என்னா சொல்றியோ அத நான் நம்புறேன். வண்டியிலதான்னு நீ சொல்லிட்டா, எவன் பேசுனாலும் தையில தாலி கட்டுறேன்."

அதைவிட நேர்மையாக ஒருவன் கேட்க முடியாது. பஸ் முதலாளியான சீனத் தவுக்கேயும் அதே வாரத்தில் சொல்லி அனுப்பினார், வண்டியைப் பார் என்று. சனிக்கிழமை காலையில் கமாலுதீனே வண்டியைக் கொண்டுவந்து விட்டான்.

நான் பதின்மூன்று வயதில் துறையில் மூட்டை தூக்க ஆரம்பித்தவன். தோளில் இன்னமும் அந்தக் காய்ப்பு இருக்கிறது. இருபத்திரண்டு வயதில் பட்டறைக்கு வந்து, துடைத்து, கழுவி, அடிவாங்கித் தொழில் கற்றேன். டத்தோ கிராமாட்டில் வண்டி என்றால் பிச்சைமுத்து என்ற பேர் எனக்கு இருந்தது. அன்று அந்தப் பேருக்காகத்தான் வேலை செய்தேன் என்று இப்போது தோன்றுகிறது. தங்கைக்காகச் செய்திருந்தால் வேறு மாதிரி செய்திருப்பேன்.

பெட்ரோல் குழாயைக் கழற்றி ஊதினேன். கார்புரேட்டரில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்தேன். நான்கு காயில்களையும் ஒவ்வொன்றாகத் தட்டி, பொறி வருகிறதா பார்த்தேன். வயர்களை விரலால் நீவிப் பார்த்தேன். பழைய அமெரிக்க வண்டி அது. தரையில் மூன்று மிதிகள். இடது மிதியை முழுக்க அமுக்கினால் மெதுவான கியர்; காலை எடுத்துவிட்டால் வேகமான கியர். தரைப் பலகையைத் தூக்கி, கியர் பெட்டியின் மேல்மூடியைத் திறந்து, உள்ளே சுற்றியிருக்கும் பட்டைகளைப் பார்த்தேன். தேய்ந்திருந்தன, ஆனால் பிடித்தன. அதற்கும் உள்ளே பார்க்க வேண்டுமானால் எஞ்சினையே இறக்க வேண்டும். இரண்டு நாள் வேலை.

"ஓட்டிப் பாத்துருவோம்" என்றேன்.

நான் ஓட்டினேன். கமாலுதீன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். எங்கள் வீட்டுக்கு முன்னால் அந்தத் திமிலில் ஆறு தடவை ஏறி இறங்கினோம். ஆறு தடவையும் வேகக் கியரிலேயே வண்டி ஆட்டுக்குட்டி மாதிரித் தாண்டியது. இடது மிதியை நான் தொடக்கூட இல்லை.

"நிக்கலயே பாய்" என்றேன்.

"காலி வண்டி நிக்காதுண்ணே. ஆளு ஏறணும். ஏழு பேரு ஏறி, பாசாருக்குப் போற கூடையும் ஏறுனாத்தான் அதுக்குக் கிறுக்குப் புடிக்கும்."

"அதானே. வேடிக்க பாக்க ஆளு வேணாமா?"

அவன் என் முகத்தைத் திரும்பிப் பார்த்தான். "அண்ணே, குனிஞ்சு ஹேண்டில் சுத்துறவனுக்கு ரேடியேட்டர் மட்டுந்தாண்ணே தெரியும். நாளைக்கு என்கூட நீங்களே பயணம் வாங்க. ஆளோட வாங்க."

நான் போகவில்லை. பட்டறையில் யாரும் ஆள் ஏற்றி வண்டியைப் பார்ப்பதில்லை. காலியாகக் கொண்டுவருவார்கள், காலியாக ஓட்டிப் பார்த்துக் காலியாகத் திருப்பிக் கொடுப்போம். அதுதான் வழக்கம். அதைவிடப் பெரிய காரணம், அந்த பஸ்ஸில் ஏழு பேருக்கு நடுவில் உட்கார்ந்து அந்தச் சிரிப்பைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

அன்று சாயங்காலம் லெட்சுமியிடம் சொன்னேன், வண்டியில் ஒன்றும் இல்லை என்று. அவள் ஊசியைச் சாக்கில் குத்தி நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"காலியா ஓட்டிப் பாத்தியாண்ணே?"

"ஆமா."

"காலியா வர்றப்ப அது நின்னதே இல்லண்ணே. நெறஞ்சு வர்றப்பத்தான் நிக்கும். பின்னால ஆளு தொத்திக்கிட்டு வந்தா கண்டிப்பா நிக்கும். நாந்தான் தெனம் பாக்குறேனே."

தினம் பார்க்கிறேன் என்ற அந்த ஒரு சொல்தான் என் காதில் விழுந்தது. மற்றது எதுவும் விழவில்லை. மூட்டை தூக்கிய கை. நான்கு அடி. மூன்றாவது அடியில் அவள் சாக்குக் கட்டின் மேல் சரிந்தாள். நான்காவதை விழுந்த பிறகு அடித்தேன். அவள் அழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, சரிந்த சாக்குகளை மறுபடி அடுக்கினாள்.

மறுநாள் சுப்பையாவிடம் போய்ச் சொன்னேன். "வண்டியில ஒண்ணும் இல்ல. என் தொழில் மேல ஆணையாச் சொல்றேன்."

அவன் தலையை ஆட்டினான். "நீ மறச்சிருக்கலாம் மச்சான். மறைக்கல. அது பெரிய மனசு" என்றான். அதோடு போய்விட்டான். பரிசப் பணமும் புடவையும் ஒரு வாரத்தில் திரும்பி வந்தன. கமாலுதீனைத் தவுக்கே வேலையைவிட்டு நிறுத்தினார். அவன் பெண்டாட்டி சுலைஹா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விட்டாள் என்று முனுசாமி மாமாதான் வந்து சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

நாகப்பட்டினத்தில் எங்கள் அத்தை இருந்தார். அவர் சொந்தத்தில் ஒருவர், அரிசி ஆலைக்கு மாட்டு வண்டி ஓட்டுபவர், பெண்டாட்டி செத்து இரண்டு பிள்ளைகளோடு இருந்தார். நாற்பது வயதுக்கு மேல். பினாங்கு விஷயம் தெரியாதவர். அதுதான் அவருடைய தகுதி. ஐப்பசியில் லெட்சுமிக்கு கப்பல் டெக்கில் ஒரு டிக்கெட் வாங்கினேன்.

துறையில் காலை வெயில் சுள்ளென்று அடித்தது. கூலிகள் கருவாட்டு மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவளிடம் ஒரு தகரப் பெட்டியும் ஒரு பாயும் இருந்தன. நான் அறிவுரை சொன்னேன், அண்ணன்காரன் சொல்ல வேண்டியதை எல்லாம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் ஒன்றே ஒன்றுதான் பேசினாள்.

"நீ வேலையில கெட்டிக்காரன்னு ஊருக்கே தெரியும்ணே. வேற எவனாவது சொல்லியிருந்தா சந்தேகப்பட்டிருப்பாங்க."

குத்திக் காட்டுகிற குரலில் சொல்லவில்லை. கணக்குப் பார்த்து முடித்தவள் மாதிரிச் சொன்னாள். பிறகு படகில் இறங்கினாள். கப்பல் தூரத்தில் நின்றது. படகுக்குள் முப்பது பேர் இருந்தார்கள். எது அவள் தலை என்று கொஞ்ச நேரத்தில் தெரியாமல் போனது.

கார்த்திகைக் கடைசியில் அத்தையிடமிருந்து தகவல் வந்தது. கல்யாணம் முடிந்தது, பெண் சாந்தமாக இருக்கிறாள், பிள்ளைகள் ஒட்டிக்கொண்டன என்று.

அந்த வாரத்தில் எனக்குக் காய்ச்சல். மூன்று நாள் வேலைக்குப் போகாமல் வாசலில் படுத்திருந்தேன். இரண்டாம் நாள் காலை எட்டு மணிக்கு அந்த பஸ் வந்தது. புது டிரைவர், ஒரு கிழட்டு மலாய்க்காரர். வண்டிக்குள் ஏழு ஆள், வெளியே மிதிபலகையில் இரண்டு ஆள், மேலே முட்டைக்கோசுக் கூடைகள். திமிலில் பாதி ஏறியது. ஒரு உதறு உதறி நின்றது.

கிழவர் இறங்கி ஹேண்டிலைச் சுற்றினார். யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க அங்கே என்ன இருந்தது? வாசலில் நான்தான் போர்வையைச் சுற்றிக்கொண்டு கிடந்தேன்.

முனுசாமி மாமாவும் வண்டிக்குள் இருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மறுநாளும் நின்றது. அதற்கு மறுநாள் காய்ச்சலோடு எழுந்து தவுக்கேயிடம் போனேன். கூலி வேண்டாம், வண்டியை மட்டும் இரண்டு நாள் விடுங்கள் என்று கேட்டேன். ஏன் கூலி வேண்டாம் என்கிறான் என்று அவருக்குச் சந்தேகம். ஆனால் விட்டார். பக்கத்துக் கிட்டங்கியில் கெஞ்சி ஏழு மூட்டை அரிசி வாங்கி, நானே தூக்கி வண்டியில் ஏற்றினேன். காய்ச்சல் உடம்பு. ஐந்தாவது மூட்டையில் மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. ஓட்டிக்கொண்டு போனேன்.

திமில் வந்தது. பாரத்தில் வேகம் குறைந்தது. வேகக் கியரில் ஏறாது என்று காலுக்கே தெரிந்தது. எஞ்சினை விரட்டிக்கொண்டே இடது மிதியை அமுக்கினேன். வண்டி உதறியது. எஞ்சின் செத்தது.

ஒரே தடவைதான். இரண்டாவது தடவை தேவைப்படவில்லை.

எஞ்சினைச் சங்கிலி போட்டு இறக்கினேன். வேகக் கியரைப் பிடிப்பதற்கு உள்ளே ஒரு டிரம்முக்குள் இரும்புத் தட்டுகள் அடுக்கடுக்காக இருக்கும். மிதியை அமுக்கியதும் அவை தளர்ந்து, நகர்ந்து, மெதுவான கியருக்கு வழிவிட வேண்டும். தட்டுகளின் விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் காதுகள் டிரம்மின் பள்ளங்களில் வழுக்கி நகரும். அந்தப் பள்ளங்களின் சுவரில், ஒவ்வொரு காதும் உட்கார்ந்த இடத்தில், ஒரு வெட்டு. கைவிரலை வைத்தால் நகம் மாட்டும் ஆழம். பாரம் இல்லாதபோது காதுகள் வழுக்கி வெளியே வந்துவிடும். பாரத்தோடு எஞ்சின் இழுக்கும்போது வெட்டில் கடித்துக்கொண்டு வராது. வேகக் கியர் விடாது; மெதுவான கியரும் பிடிக்கும். இரண்டு பேர் எதிரெதிராக ஒரே கயிற்றை இழுப்பது மாதிரி. எஞ்சின் நின்றுதான் ஆக வேண்டும். அந்த வழித்தடத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே வேகத்திலிருந்து மெதுவுக்கு இறங்க வேண்டிய இடம் ஒன்றே ஒன்று. எங்கள் வாசல்.

மூட்டை தூக்கி வளர்ந்தவன் நான். ஒரு ஆளின் முழங்கால் எப்படி என்று மூட்டையை ஏற்றிய பிறகுதான் தெரியும். வெறுங்கையோடு நடக்கவிட்டுப் பார்த்து ஆள் எடுக்கும் மண்டோரை நாங்களே கேலி செய்திருக்கிறோம்.

டிரம்மை ஒரு சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டு சுப்பையாவைத் தேடிப் போனேன். அவன் வெட்டுகளைப் பார்த்தான். விரலை வைத்துப் பார்த்தான். யந்திரம் ஓட்டுகிறவன், அவனுக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

"எனக்குத் தையிலயே வேற எடத்துல முடிச்சிருக்கு" என்றான். அப்புறம், "நான் ஒன்னத்தான மச்சான் கேட்டேன். முனுசாமியவா கேட்டேன்?" என்றான்.

கமாலுதீன் அவன் மாமாவின் சோற்றுக் கடையில் அண்டா கழுவிக்கொண்டிருந்தான். டிரம்மை அவனுக்கு முன்னால் வைத்தேன். அவன் தொடவில்லை.

"இத ஏன் எங்கிட்ட காட்டுறீங்க?"

"பாய், தப்பு எம்மேல."

"வண்டி நிக்குதுன்னு எனக்குத் தெரியும். நிப்பாட்டலன்னும் எனக்குத் தெரியும். தெரியாதது ஒங்களுக்குத்தான்." கையிலிருந்த நாரை உதறினான். "எம் பொண்டாட்டி வீட்டுல போயிக் காட்டுங்க. அங்க ஒரு மாமியா இருக்கு, இதெல்லாம் படிச்சுப் பாஸ் பண்ணுன மாமியா. அதுகிட்ட வெளக்குங்க. எடுங்க லா, கடைக்கு ஆளு வர்ற நேரம்."

போனேன். சுலைஹாவின் தாய் வீட்டு வாசலில் அந்த இரும்பை வைத்துக்கொண்டு, தட்டு, காது, பள்ளம் என்று கதவுக்கு உள்ளே நிற்கும் ஆட்களிடம் பேசினேன். எந்த அளவு புரிந்தது என்று தெரியவில்லை. ஒரு மாதம் கழித்து அவள் கமாலுதீனிடம் திரும்பிப் போனாள் என்று கேள்விப்பட்டேன். அது ஒன்று நடந்தது. அது நடந்ததால் எனக்குத் துணிச்சல் வந்தது. உண்மையைச் சொன்னால் ஒன்றிரண்டாவது சரியாகும் என்று நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்க உட்கார்ந்து லெட்சுமிக்குக் கடிதம் எழுதினேன். நான்கு பக்கம். ஒன்றையும் விடவில்லை. பஸ் நின்றது, ஊர் சிரித்தது, கமாலுதீன் பேரோடு அவள் பேரை இணைத்துப் பேசியது, சுப்பையா வந்து கேட்டது, நான் காலியாக ஓட்டிப் பார்த்தது, அவளை அடித்தது, இப்போது டிரம்மில் கண்டது எல்லாவற்றையும் எழுதினேன். வெட்டு எப்படி இருந்தது என்று படம்கூடப் போட்டேன். நீ ஒரு குற்றமும் செய்யாதவள் என்று கடைசியில் எழுதி, அதற்கடியில் கோடு இழுத்தேன். தபாலில் போட்டுவிட்டு வந்தபோது, பல மாதத்துக்குப் பிறகு பசித்தது. உட்கார்ந்து சாப்பிட்டேன்.

பதில் மாசிக் கடைசியில் வந்தது. அத்தை சொல்லி யாரோ எழுதிய எழுத்து.

"தம்பி பிச்சைமுத்துவுக்கு. உன் கடிதம் கிடைத்தது. லெட்சுமிக்கு எழுத்துத் தெரியாது என்பது உனக்குத் தெரியாதா? தபால்காரன் வீட்டுக்காரர் கையில் கொடுத்தான். தங்கச்சிக்கு அண்ணன் எழுதியிருக்கிறார் என்று சந்தோஷமாக அவரே உட்கார்ந்து வாய்விட்டுப் படித்தார். பிள்ளைகளும் பக்கத்தில் இருந்தன. முதல் பக்கம் முடிவதற்குள் குரல் நின்றுவிட்டது. மீதியை மனசுக்குள் படித்தார். நீ நல்லதாகத்தான் எழுதியிருக்கிறாய். ஆனால் மாடு ஓட்டுகிறவருக்கு எங்கே மோட்டார் வண்டியைத் தெரியும்? ஊர் பேசியது, வேறு மாப்பிள்ளை பரிசத்தைத் திருப்பியது, அண்ணனே அடித்து அனுப்பியது, அதுதான் தெரிந்தது. மூன்றாம் நாள் அவளைப் பெட்டியோடு கொண்டுவந்து என் வீட்டில் விட்டுவிட்டுப் போனார். அடிக்கவில்லை, திட்டவில்லை. சின்னப் பிள்ளை மட்டும் தெருமுனை வரைக்கும் அழுதுகொண்டே திரும்பிப் பார்த்துக்கொண்டு போனது."

அதற்குக் கீழே மூன்று வரி.

"அவளிடம் என்ன எழுதட்டும் என்று கேட்டேன். ஒன்றும் இல்லை என்றாள். திரும்பவும் கேட்டேன். அண்ணனை இனிமேல் எதையும் கண்டுபிடிக்க வேண்டாம் என்று எழுதச் சொன்னாள்."

அந்தக் கடிதத்தை வாய்விட்டுத்தான் படித்தேன். வீட்டில் கேட்க யாரும் இல்லை.